ஒரு வண்டி, ஒரு பதக்கம்

சென்ற வருஷம் அப்பா வாயைத் திறந்தார்.

அந்த வீட்டில் அது சாதாரண விஷயமில்லை. பட்டாளத்திலிருந்து திரும்பிய பிறகு அவர் பேசியதையெல்லாம் எழுதிப் பார்த்தால் ஒரு தபால் அட்டையில் இடம் மிச்சமிருக்கும். சென்ற வருஷம் அவர் சொன்னதும் பெரிய பிரசங்கம் இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் அடிபட்டுக் கிடந்தவர்களை ஏற்றிவர, குண்டு விழுந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் ஆம்புலன்ஸ் வண்டி மூன்று தடவை போய்வந்தது. ஓட்டியது அவர். பதக்கம் போனது விசில்காரருக்கு.

விசில்காரர் அப்பாவின் சிநேகிதர். எப்போதும் எதையாவது சீட்டியடித்துக்கொண்டே இருப்பாராம். அந்தப் படைப்பிரிவு டிரைவர்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. பலகையில் யார் பெயர் இருந்தாலும் தங்களுக்குள் முறையை மாற்றிக்கொள்வார்கள். மேலே யாருக்கும் சொல்வதில்லை. காலையில் ஆஜர் எடுக்கும்போது வண்டி எண்ணைத்தான் கூப்பிடுவார்கள், ஆளை இல்லை. ஏதோ ஒரு தொண்டை "இருக்கு சார்" என்றால் போதும்.

அன்று பலகையில் இருந்தது விசில்காரர் பெயர். காலையில் அவருக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். கன்னத்துக்குள் ஒரு பன்னை ஒளித்துவைத்தவர் போல அவர் பட்டறையின் மூலையில் சுருண்டு படுத்துவிட்டார். அப்பா ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தார். இப்படியாக, தூங்கியவர் வீரரானார். ஓட்டியவர் அந்த மத்தியானம் முழுக்கப் பட்டறையில் ஸ்பேனர் துடைத்ததாகப் பதிவானது.

இரண்டு பேரும் சேர்ந்து போய்க் குமாஸ்தாவிடம் உண்மையைச் சொல்லத்தான் செய்தார்கள். அனுமதியில்லாமல் முறை மாற்றினால் இருவருக்கும் சிறை, பதக்கம் வேண்டுமா சிறை வேண்டுமா என்று அவர் கேட்டாராம். திரும்பி வந்துவிட்டார்கள்.

இதை அவருடைய பிள்ளைகளில் மூத்தவள் எழுதி அனுப்பினாள். அப்பா கையெழுத்துப் போட்டார். அவள் எதை நீட்டினாலும் அவர் போடுவார், மின்சாரக் கட்டணப் புகாராக இருந்தாலும். அதுவரை ஆமையோடு போட்டி போட்டுத் தோற்றுக்கொண்டிருந்த பதிவுத் திருத்த அலுவலகம், ஒருவரிடமிருந்து எதையாவது பிடுங்கலாம் என்று தெரிந்ததும் ஒரே வாரத்தில் விசாரணைக்குத் தேதி கொடுத்துவிட்டது.

அந்தத் தேதி இன்று.

காலையில் மூத்தவள் அப்பாவுக்குக் கால்சட்டை மாட்டிவிட்டாள். இடுப்பு எலும்பு முறிந்து ஒட்டியதிலிருந்து அவரால் குனிய முடியாது. அவள் தரையில் மண்டியிட்டு ஒரு காலை நுழைத்து, அவர் அவள் தோளைப் பிடித்துக்கொள்ள, அடுத்த காலை நுழைப்பாள். இருவரும் இதைப் பேசாமலே செய்து பழகியிருந்தார்கள். நடுவில் அவளுடைய முதுகில் ஒரு நரம்பு சுண்டியிழுக்கும். அதற்கும் பழகியிருந்தாள்.

அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. பிறருடைய பார்வையைச் சரிசெய்யும் தொழில். வேறொரு ஊரில் புதுக் கிளை திறக்கிறார்கள், அதற்கு மேனேஜராகப் போகிறாயா என்று முதலாளி போன வருஷமே கேட்டிருந்தார். இப்போது கிளை தயார், இந்த மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும். வாழ்க்கையில் அவளை யாரும் எதற்கும் கேட்டதில்லை, செய் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே அந்தக் கேள்வி அவளுக்குள் ஒரு மூலையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டது.

போவதென்றால் அப்பாவை என்ன செய்வது? தம்பி வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது. ஆனால் அது குடியிருப்போர் சங்கத்தின் அலுவலகம், தம்பி அதன் தலைவர், தலைவருக்கு அலுவலகம் இல்லாவிட்டால் எப்படி? மிச்சமிருப்பது முன்னாள் வீரர் இல்லம். அங்கே போர்முனைப் பதக்கம் வாங்கியவர்களையும் அவர்களுடைய விதவைகளையும் மட்டும்தான் சேர்ப்பார்கள்.

இல்லம் என்ற வார்த்தையை அந்தக் குடும்பத்தில் யாரும் சொல்வதில்லை. பதக்கம் என்பார்கள். பதக்கம் எப்போ கிடைக்கும், பதக்கம் கிடைச்சா நல்லது, பதக்கத்துக்கு இன்னும் எத்தனை நாள் ஆகும். அக்காவும் தம்பியும் இப்படிப் பேசிக்கொள்ளும்போது அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

தம்பி அலுவலக வாசலில் காத்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, சங்கத்தின் பெயர் பொறித்த பேனா. பதக்கத்தை மாட்டிவைக்க உள்ளே விளக்கெரியும் கண்ணாடிப் பெட்டி ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். எங்கே மாட்டுவது என்று அக்கா கேட்கவில்லை. அவருடைய வரவேற்பறையில்தான். அப்பா ஓர் இடத்திலும் அப்பாவின் கௌரவம் வேறோர் இடத்திலும் இருப்பது அவருக்கு வசதியான ஏற்பாடாகப் பட்டிருக்க வேண்டும்.

லிஃப்ட் வேலை செய்யவில்லை. அதன் கதவில், வீரர்களின் தேவையே எங்கள் கடமை என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. அப்பா மாடிப்படிகளை ஒவ்வொன்றாக ஏறினார். தம்பி முன்னால் போய் மேலே நின்றுகொண்டு, பார்த்து வாங்கப்பா, பார்த்து வாங்கப்பா என்று உதவி செய்தார்.

அதிகாரியின் சட்டையில் நான்கு வண்ண ரிப்பன்கள். ஒன்று நீண்டநாள் சேவைக்கு, இன்னொன்று அதைவிட நீண்டநாள் சேவைக்கு. மற்ற இரண்டும் அந்தச் சேவையின்போது விடுப்பு எடுக்காததற்காக இருக்கலாம். அவர் மேசையில் கண்ணாடிக்கு அடியில் ஒரு பீரங்கியின் படம் இருந்தது.

அறைக்குள் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். மெலிந்த, நிமிர்ந்த பெண்மணி. மடியில் கைப்பை. விசில்காரரின் மனைவி. விசில்காரர் போய்ச் சேர்ந்து சில வருஷங்களாயிற்று. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோதிலிருந்து அவரை அத்தை என்றுதான் கூப்பிட்டார்கள். பாதிக்கப்படும் தரப்பு என்று அழைப்பு அனுப்பி வரவழைத்திருந்தார்கள். இல்லத்து வேன் கொண்டுவந்து விட்டிருந்தது.

மூத்தவள் அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். அத்தையும் அசைத்தார். வெட்கப்பட வேண்டிய நேரம் இது என்று மூத்தவளுக்குத் தோன்றியது. வெட்கம் வரவில்லை. பஸ் வராத நிறுத்தத்தில் நிற்பதுபோல அதற்காகச் சற்றுக் காத்திருந்துவிட்டு உட்கார்ந்தாள்.

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு நாட்டைப் பற்றிப் பேசினார். பிறகு பதிவேடுகளைப் பற்றி. நாட்டைவிடப் பதிவேடுகளின்மேல் அவருக்குப் பிரியம் அதிகம் என்று தெரிந்தது. கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"ஒரு வண்டி. ஒரு டிரைவர். ஒரு பதக்கம். இவர் பெயரைச் சேர்க்கணும்னா அவர் பெயரை எடுக்கணும். எடுத்தா, கல்லறையில செதுக்கினதையும் எடுக்கணும். அந்தப் பதக்கத்தை வெச்சு என்னென்ன கிடைச்சதோ அதெல்லாம் நின்னுடும். இந்த அம்மா இல்லத்துல இருக்கிறதும் சேர்த்து."

இரண்டு பேருக்கும் ஆளுக்கொன்று கொடுக்கக் கூடாதா என்று தம்பி கேட்டார். ஸ்டியரிங் ஒன்றுதானே என்றார் அதிகாரி. தம்பி எழுந்து நின்று தமது தந்தையாரின் தியாகத்தைப் பற்றித் தயாரித்து வந்திருந்த உரையைத் தொடங்கினார். தண்ணீர்த் தொட்டித் திறப்பு விழாவில் பேசியதன் வாடை அதில் இருந்தது. வருங்காலத் தலைமுறை என்ற இடத்துக்கு வந்தபோது அதிகாரி கையைக் காட்டி உட்காரச் சொன்னார். பெரியவர் தாமே தம் வாயால் சொல்ல வேண்டும், அதுதான் விதி.

"பெரியவரே, அன்னைக்கு மத்தியானம் அந்த வண்டிய ஓட்டினது யாரு?"

அப்பா மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த பீரங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விசில்தான் ஓட்டினான்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மூத்தவள் அதைப் பார்த்தாள். ஒரு இறக்கை மட்டும் கொஞ்சம் வளைந்திருந்தது. அவள் ஒரு வருஷமாக ஓடிய ஓட்டம், வெயிலில் நின்ற வரிசைகள், அரைநாள் விடுப்புக்காக முதலாளியிடம் சொன்ன பொய்கள், எல்லாம் இரண்டு வார்த்தையில் முடிந்துபோயின. அதற்கும் ஒன்றும் தோன்றவில்லை.

தம்பிதான் குதித்தார். அப்பாவுக்கு ஞாபகம் தவறுகிறது, வயசு, மருந்து என்று அதிகாரியிடம் விளக்கினார். அப்பா தன் பட்டாள எண்ணையும் அந்த வண்டியின் எண்ணையும் அன்று காலை கொடுத்த கஞ்சியில் உப்பில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு மறுபடி வாயை மூடிக்கொண்டார்.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. ஒன்றையும் மாற்ற வேண்டியதில்லை என்பதைவிட ஓர் அலுவலகத்துக்கு இனிப்பான செய்தி வேறென்ன? பேனாவின் மூடியைத் திறந்தார்.

"இல்லைங்க," என்றார் அத்தை. "இவர்தான் ஓட்டினாரு. எங்க வீட்டுக்காரர் அன்னைக்குப் பல்லு வலியில படுத்துக் கிடந்தாராம். அவரே என்கிட்ட சொன்னாரு. எத்தனையோ தடவை. கேட்டுக் கேட்டு எனக்கே பல்லு வலிக்கும்."

அதிகாரி பேனாவை மூடினார். தன் பக்கம் உண்மை என்று இரண்டு பேர் அடித்துக்கொண்டால் என்ன செய்வதென்று அவர்களுடைய விதிகளில் பக்கம் பக்கமாக இருக்கிறது. எனக்கு வேண்டாம், நீ வைத்துக்கொள் என்று இரண்டு பேர் சொன்னால் என்ன செய்வது? அதற்கு யாரும் விதி எழுதவில்லை. அப்படி ஒரு நிலைமை மனிதர்களுக்குள் வருமென்று எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது.

"அம்மா, உங்க இடம் போயிடும். புரியுதா?"

"புரியுது."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அதிகார வர்க்கத்தின் எல்லாச் சிக்கலுக்கும் ஒரு தீர்வு உண்டு, சாப்பாட்டு நேரம். திரும்பி வந்ததும் பெரியவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டு இன்னொரு முறை கேட்பதாகவும், அப்போது என்ன சொல்கிறாரோ அதுவே கடைசி என்றும் சொல்லிவிட்டு எழுந்தார்.

வராந்தாவில் தம்பி அக்காவை ஓரமாகக் கூட்டிப்போனார். சங்கத்தில் மோட்டார் பம்ப் விஷயமாக அவசரக் கூட்டம், தலைவர் இல்லாமல் தொடங்க மாட்டார்கள், தொடங்கினாலும் அடித்துக்கொள்வார்கள் என்றார்.

"நீ பேசுக்கா அவர்கிட்ட. நீ சொன்னா கேட்பாரு."

"என்னன்னு பேச?"

"குடும்ப கௌரவம்னு சொல்லு."

சொல்லிவிட்டுப் படிகளில் இறங்கினார். இரண்டு இரண்டு படியாக.

அப்பா கழிவறைக்குப் போக வேண்டும் என்றார். மூத்தவள் கதவு வரைக்கும் கூட்டிப்போய் விட்டாள். உள்ளே சுவரில் பிடி இருக்கிறது, நான் பார்த்துக்கிறேன் என்று அவர் சொன்னதால் திரும்பி வந்தாள்.

வராந்தாவின் முனையில் காசு போட்டால் தேநீர் தரும் இயந்திரம் இருந்தது. அத்தை அதன் பக்கத்தில் நின்று, எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ஒரே நிறத்தில் வருவதை ஆராய்ந்துகொண்டிருந்தார். மூத்தவளுக்கும் ஒரு கோப்பை எடுத்து நீட்டினார்.

நன்றி சொல்ல வேண்டும் என்று மூத்தவள் வார்த்தை தேடினாள். அப்பாவுக்காக இவ்வளவு பெரிய விஷயத்தை விட்டுக்கொடுக்கிறீர்களே என்கிற மாதிரி ஏதோ சொன்னாள். அவள் காதுக்கே அது தம்பியின் பேச்சு போலக் கேட்டது.

"உங்கப்பாவுக்காக இல்லம்மா," என்றார் அத்தை. "எனக்காக."

தேநீரை ஊதிக் குடித்தார். மெதுவாகச் சொன்னார். விசில்காரர் அந்தப் பதக்கத்தை ஒரு நாளும் சட்டையில் குத்திக்கொண்டதில்லை. ஆணி, திருகு போட்டுவைக்கும் டப்பாவில் கிடந்தது. அவர் போன பிறகு மகன்தான் அதைத் தேடியெடுத்து, துடைத்து, பாலிஷ் போட்டான். அம்மா, இதுக்குன்னே ஒரு இல்லம் இருக்காம், உங்களுக்கு எவ்வளவு மரியாதை பாருங்க என்றான். மரியாதையோடு கொண்டுபோய் விட்டான். மரியாதையைக் கெடுக்கக் கூடாது என்றோ என்னவோ, அடிக்கடி வருவதில்லை.

"மோசமான இடமா அத்தை?"

"சேச்சே. நல்ல இடம்தான். வேளாவேளைக்கு சாப்பாடு. படுக்கை விரிப்பு மாத்தறாங்க. செத்தா கொடி போர்த்தி அனுப்புவாங்க, அதுல குறையே சொல்ல முடியாது. உயிரோட இருக்கிறவங்கள வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னுதான் அவங்களுக்குத் தெரியல."

மூத்தவள் தேநீரைப் பார்த்தாள்.

"அந்தப் பதக்கம் இல்லேன்னு ஆயிட்டா என்னை வெளிய அனுப்பித்தான் ஆகணும். அவன் வந்து கூட்டிட்டுப் போய்த்தான் ஆகணும். நானா வரேன்னு சொன்னா, ஏம்மா அங்க என்ன குறைங்கறான். சர்க்காரே அனுப்பிட்டா என்ன சொல்வான்?"

"அப்பவும் கூட்டிட்டுப் போகலேன்னா?"

"எங்க கொண்டுபோய் விடலாம்னு அவன் யோசிக்கட்டும். அவன் பள்ளிக்கூடத்துலேர்ந்து எல்லாத்துக்கும் நான் யோசிச்சாச்சு." அத்தை கோப்பையைக் கசக்கிக் கூடையில் போட்டார். "நீ சொல்லு. உங்கப்பாவுக்கு அந்தப் பதக்கம் வேணும்னு தோணினதா எனக்குத் தெரியல. உனக்கு எதுக்கும்மா அது?"

குடும்ப கௌரவம். அப்பாவின் தியாகம். வரலாற்றில் நடந்த பிழை. தம்பி தயாரித்த எல்லாச் சொற்களும் கைக்கெட்டும் தூரத்தில், கடையின் அலமாரியில் அடுக்கிய ஃபிரேம்கள் போல இருந்தன. எதையாவது எடுத்து மாட்டிக்கொண்டிருக்கலாம். அவளுக்குக் களைப்பாக இருந்தது.

"அப்பாவை அங்க சேர்க்கறதுக்கு," என்றாள். "எனக்கு வேற ஊர்ல வேலை வந்திருக்கு. போகணும்போல இருக்கு."

ஒரு வருஷத்தில் முதன்முறையாக அதை ஒருவர் வாய்விட்டுச் சொன்னார். வானம் இடிந்து விழவில்லை. தேநீர் இயந்திரம் மட்டும் ஒரு தடவை உறுமி அடங்கியது.

அத்தையின் கண்கள் மூத்தவளின் தோளுக்குப் பின்னால் போயின.

அப்பா சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார். கைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கேட்டுவிட்டார் என்பது தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்றால், அவருடைய முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. தெரியாத விஷயத்தைக் கேட்டவர் முகம் அப்படி இருக்காது.

"அங்க உனக்கு எத்தனாவது மாடி தங்கச்சி?" என்று அத்தையைக் கேட்டார்.

"ரெண்டாவதுண்ணே. லிஃப்ட் இருக்கு."

"ஓடுதா?"

"ஓடுது."

"ம்," என்றார் அப்பா. அதிகாரி அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் போய், கையை ஊன்றி, மெதுவாக உட்கார்ந்தார்.

மூத்தவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் இன்னொருவர் உட்காரும் அளவு இடம் இருந்தது. எதையாவது சொல்ல வேண்டும். அப்பா, அது அப்படியில்லை என்று தொடங்கலாம். ஆனால் அது அப்படித்தான். அவள் கைக்குட்டையை எடுத்து அவருடைய ஈரக் கைகளைத் துடைத்துவிட்டாள். அவர் துடைக்கக் கொடுத்தார். காலையில் கால்சட்டை மாட்டும்போது காலைக் கொடுத்தது போலவே.

"ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க? ஓட்டினது நீங்கதானே?"

அப்பா துடைத்த கைகளை முழங்காலின்மேல் வைத்துக்கொண்டார்.

"அவன் பேரைக் கல்லுல செதுக்கியிருக்கு. சொரண்டுவாங்க." பிறகு, அவள் அவ்வளவுதான் என்று நினைத்த பிறகு, "எனக்கும் அங்க போகப் பிடிக்கல," என்றார்.

எது முதல் காரணம், எது இரண்டாவது என்று அவள் கேட்கவில்லை. இரண்டும் ஒரே குரலில்தான் வந்தன. கோபமில்லை, கெஞ்சலில்லை. வண்டியில் டீசல் எவ்வளவு இருக்கிறது என்று சொல்கிற குரல்.

அதிகாரி வந்தார். சாப்பிட்ட கையைக் காற்றில் உதறியபடி, பெரியவர் வரலாம், பெரியவர் மட்டும், என்றார். கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார்.

மூத்தவள் எழுந்து கைகொடுத்தாள். அப்பா அதைப் பிடிக்காமல் பெஞ்சின் விளிம்பைப் பிடித்து எழுந்தார். நேரம் பிடித்தது. அவள் நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அவர் திரும்பினார்.

"அந்த வேலைக்கு எப்போ பதில் சொல்லணும்?"

"மாசக் கடைசி."

"சொல்லிட்டியா?"

"இல்லப்பா."

"சொல்லிடு."

"என்னன்னு சொல்ல?"

அவர் உள்ளே போய்விட்டார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

ஓட்டினது நான்தான் என்று இந்தத் தடவை அப்பா சொல்லிவிடுவார். தடுக்க வேண்டுமென்றால் இப்போது தடுக்கலாம். கதவைத் திறந்து, சார், வேண்டாம், விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்ல அரை நிமிஷம் போதும். மூத்தவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது. அத்தை தேநீர் இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்றபடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். குற்றம் சொல்லும் பார்வையில்லை. யார் வருவார்கள் என்று வாசலைப் பார்த்துப் பார்த்துப் பழகிய பார்வை.

உள்ளே அதிகாரி எதையோ கேட்டார். அப்பா பேசத் தொடங்கினார். வார்த்தைகள் கேட்கவில்லை, குரல் மட்டும் கேட்டது. ஆனால் அது நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தையில்லை. அவருடைய குரல் அவ்வளவு நீளமாக ஓடி அவள் கேட்டதே இல்லை.

மூத்தவள் போனை எடுத்து முதலாளியின் எண்ணை அழுத்தினாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் போலிருக்கிறது, மென்றுகொண்டே எடுத்தார்.

"சொல்லும்மா," என்றார்.

கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.